விலாசம் கேட்காத ஓர் அறை

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் முதலான செட்டிநாட்டு ஊர்களில் நகர விடுதி, சத்திரம், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், சங்கக் கட்டடம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்திருக்கும் அறங்காவலர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், பதினைந்து பேர் உட்காரக்கூடிய ஓர் அறையை வாடகைக்குத் தரும்படி உங்களைக் கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். கேட்பது இவ்வளவே என்றாலும், இதே கோரிக்கையோடு கடந்த ஓராண்டில் நாங்கள் ஏறி இறங்கிய படிகள் பல. எந்த இடத்திலும் எங்களை யாரும் அவமதிக்கவில்லை. மோர் கொடுத்து உட்காரவைத்துத்தான் பேசினார்கள். ஆனால் "கமிட்டியில் வைத்துச் சொல்கிறோம்" என்ற சொல்லுக்குப் பிறகு ஓரிடத்திலிருந்தும் பதில் வரவில்லை. மறுப்புக்கான காரணம் முகத்துக்கு நேரே சொல்லப்படாதபோது அதற்கு விடை சொல்லவும் வழியில்லாமல் போகிறது. ஆகவே உங்கள் மனத்தில் இருந்திருக்கக்கூடிய காரணங்களை நானே ஊகித்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரே மடலாக எழுதிவிடுவதென்று முடிவு செய்தேன்.

நான் ஒரு குடிநோயாளி. ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குடிக்கவில்லை. ஆயினும் "குடிநோயாளியாக இருந்தேன்" என்று இறந்தகாலத்தில் சொல்லும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. மாத்திரையாலும் பத்தியத்தாலும் சர்க்கரை அளவு சரியாக இருக்கும் நாளிலும் ஒருவர் சர்க்கரை நோயாளிதான் என்பதைப் போன்றது இது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமை அமைப்பின் கூட்டங்களுக்குப் போய்வருபவன் என்ற முறையில் எழுதுகிறேனே தவிர, அந்த அமைப்பின் சார்பாக எழுதவில்லை; அதன் சார்பாகப் பேசும் அதிகாரம் அதில் எவருக்குமே கிடையாது. பொதுவெளியில் உறுப்பினர் எவரும் தம் பெயரையும் முகத்தையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதன் மரபுகளில் ஒன்று என்பதால், இதில் என் பெயர் இல்லை. பெயர் போடாத கடிதத்தை மொட்டைக் கடுதாசி என்று கிழித்துப் போடுவது நம் ஊர் வழக்கம். இதை அப்படிச் செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதன் படியை உங்களிடம் நேரில் கொண்டுவந்து தருபவர் தம் பெயரையும் முகவரியையும் உங்களிடம் சொல்வார்.

என் தொழிலைச் சொல்லாவிட்டால் நான் சொல்ல வருவது விளங்காது. சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் உரிமையாளர்களுக்காக இங்குள்ள பெரிய வீடுகள் சிலவற்றைப் பார்த்துக்கொள்பவன் நான். வரி கட்டுவது, மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுவது, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள் வந்து இறங்குமுன் வெள்ளையடித்து, வளவு என்னும் உள்முற்றம் முழுக்கக் கழுவிவிடுவது ஆகியவை என் வேலை. (யார் என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம். இப்படிச் சாவி வைத்திருப்பவர்கள் இந்தச் சீமையில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், சில விவரங்களை வேண்டுமென்றே மாற்றியும் எழுதியிருக்கிறேன்.) குடித்த காலத்தில் அந்த வீடுகளில்தான் நான் குடித்தேன். முகப்பை உள்ளே தாழிட்டுக்கொண்டு, பட்டாலையைக் கடந்து, வளவைக் கடந்து, இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் மறுநாள் காலை வரை என்னைத் தேடி ஒருவரும் வர மாட்டார்கள். 2016இல் அரசு மதுக்கடைகள் திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து நண்பகல் 12 மணிக்கு மாறியபோது, கை நடுக்கத்தோடு அந்த இரண்டு மணி நேரத்தைக் கடத்த முடியாமல், முதல் நாளே வாங்கிவந்து பெட்டகத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கப் பழகினேன். தனியாக உட்கார்ந்து குடிப்பதற்கு எனக்கு ஏழெட்டு மாளிகைகள் இருந்தன. பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து குடிக்காமல் இருப்பதற்குத்தான் இப்போது ஓர் அறை தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாவி கையில் இருக்கும்போது அந்த வீடுகளில் ஒன்றையே திறந்துகொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அனுமதியில்லாமல் திறப்பது திருட்டு. அனுமதியும் கேட்டுப் பார்த்தேன். என்னை இருபது ஆண்டுகளாக நம்புகிற ஓர் உரிமையாளரிடம், குடியை விட்டவர்கள் வாரம் ஒருமுறை முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போக விரும்புகிறார்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். "அந்த மாதிரி ஆளுகளை வீட்டுப் பக்கமே சேர்க்காதீங்க, நீங்க இருக்கிற தைரியத்துலதான் நான் நிம்மதியா இருக்கேன்" என்றார். அந்த மாதிரி ஆள் ஒருவனிடம்தான் அவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னமும் எனக்குத் தெளிவாகவில்லை.

இனி, மறுப்புக்கு முதற்காரணம் என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டில் புதிய மனிதர் ஒருவரைக் கண்டதும் நாம் கேட்கும் கேள்விகள் எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீடு என்பவை. நகரத்தார் வீட்டுப் பிள்ளையென்றால் விலாசம், அதாவது பெயருக்கு முன் வரும் குடும்ப எழுத்துகளைக் கேட்கிறோம். மூன்று நான்கு எழுத்துகளைச் சொன்னதும் கொள்ளுத்தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்த தெருவரைக்கும் நமக்கு விளங்கிவிடுகிறது. மற்றச் சமூகத்தாரிடமும் வேறு வேறு சொற்களில் இதையேதான் கேட்கிறோம். இது பழுதான வழக்கமன்று. முன்பின் தெரியாத ஊரில் போய் இறங்கியவனுக்கு இந்த விலாசம்தான் கடனும் கொடுத்தது, நகர விடுதியில் பாயும் கொடுத்தது. ஆனால் குடிநோயாளிக்கு இதே விலாசம் வாசலில் நிற்கும் காவலாக மாறிவிடுகிறது. அவன் பெயர் அவனுடையது மட்டுமன்று. தங்கைக்கு வரன் பார்க்கும்போதும், மகனுக்குப் பெண் கேட்கும்போதும் அந்தப் பெயர்தான் சபையில் விரிக்கப்படுகிறது. மருத்துவமனையில் சேர்ந்தால் "மஞ்சள் காமாலை" என்று சொல்லிக்கொள்ளலாம். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போனால் என்ன சொல்லிக்கொள்வது? ஆகவே பெயர், ஊர், விலாசம் எதையும் கேட்காத ஓர் இடம் வேண்டும். உங்கள் கட்டடங்களில் வருகையாளர் பதிவேடு இருக்கிறது, வாசலில் யார் வந்தாலும் விசாரித்து எழுதிக்கொள்ளும் காவலாளி இருக்கிறார். நாங்கள் கேட்ட அறையைவிட, பதிவேட்டில் எழுத மாட்டோம் என்று நாங்கள் சொன்னதுதான் உங்களைத் தயங்கவைத்தது என்று நினைக்கிறேன்.

கூட்டத்தை நான் தேடிக் கண்டடைந்த விதத்தைச் சொன்னால் இதன் கனம் உங்களுக்குப் புரியலாம். குடியை நிறுத்த நம் பக்கத்தில் உள்ள வழிகளையெல்லாம் நான் பார்த்தவன். கருப்பர் கோயிலில் சத்தியம் செய்திருக்கிறேன். கயிறு கட்டியிருக்கிறேன். பழனிக்குப் பாதயாத்திரை போன நாள்களில் ஒரு சொட்டு தொட்டதில்லை. மலையிறங்கி ஊர் திரும்பும் பேருந்து ஒட்டன்சத்திரத்தில் நின்றபோது தொட்டேன். சபரிமலைக்கு நான்கு முறை மாலை போட்டேன். நான்காம் முறை மாலை போட்ட மூன்றாம் நாள் இரவில், சுவர் முழுவதும் கட்டெறும்பு ஊர்வதைக் கண்டு துடைப்பத்தால் விடியும்வரை அடித்துக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் வியர்த்தது, கை நிலைகொள்ளவில்லை, இறந்துபோன என் தகப்பனார் வாசலில் நின்று கூப்பிட்டார். சுத்தம் போதவில்லை, சாமி கோபித்துக்கொண்டது என்று சொல்லி, வீட்டில் கோடாங்கியை அழைத்துவந்தார்கள். தற்செயலாக விடுமுறைக்கு வந்திருந்த உறவுக்காரச் செவிலியர் ஒருத்திதான் என்னை அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மருத்துவர் விளக்கியதை இந்த மடலைப் படிக்கும் எவருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் மனம் குழம்பி, இல்லாதது தெரியும், கேட்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருந்து கொடுத்து நடுக்கத்தைத் தணித்து, பி1 உயிர்ச்சத்து ஏற்றி, சில நாள்களில் இதைப் பாதுகாப்பாகக் கடக்கவைக்க முடியும். எனவே மாலை போட எண்ணுபவராயினும், எங்கள் கூட்டத்துக்கு வர எண்ணுபவராயினும், நாள்தோறும் குடிப்பவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றன்று. (கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லிச் சிலர் விற்கும் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுவோடு சேர்ந்தால் வாந்தியையும் படபடப்பையும் உண்டாக்கும் மருந்து உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் உட்கொள்ள வேண்டியது. அறியாமல் உட்கொண்டவர் அதன்மேல் குடித்தால் இதயமே நின்றுபோகக்கூடும்.)

உடம்பு தேறியது. ஆனால் ஒரு மண்டலம் முடிந்து மாலையைக் கழற்றிய அன்று, கழற்றிய கையோடு கடைக்குப் போனேன். மாலை கழுத்தில் இருந்தவரை "சாமி" என்று கூப்பிட்டவர்கள் பத்துப் பேர் என்னைச் சுற்றி இருந்தார்கள். காலையில் ஒன்றாகக் குளித்தோம், மாலையில் ஒன்றாகப் பஜனை பாடினோம். கழற்றியதும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்னை நாற்பத்தெட்டு நாள் காத்தவற்றில் அந்தப் பத்துப் பேருக்கும் பங்கு இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. மறுமுறை மருத்துவமனைக்குப் போனபோது அந்த மருத்துவர்தான், மதுரையில் இப்படியொரு கூட்டம் நடக்கிறது என்று மருந்துச் சீட்டின் பின்புறம் கிழமையையும் நேரத்தையும் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலேயே மூன்று மாதம் வைத்திருந்தேன். போன முதல் நாள் கட்டடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்று, உள்ளே போகிறவர்களில் தெரிந்த முகம் உண்டா என்று பார்த்துவிட்டு, அடுத்த பேருந்தைப் பிடித்து ஊர் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறைதான் படியேறினேன். யாரும் எதையும் கேட்கவில்லை. ஒருவர் தேநீர்க் குவளையை நீட்டி, "உட்காருங்க, எங்க வேணும்னாலும் உட்காரலாம்" என்றார். ஒருவர் பின் ஒருவராகத் தம் பெயரை மட்டும் சொல்லித் தம் கதையைச் சொன்னார்கள். மூன்றாவதாகப் பேசியவர், பெட்டகத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்ததை அன்றி மற்ற அனைத்தையும் என் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொன்னதுபோல் இருந்தது. அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்துவைத்தாராம். திரும்பி வருகையில் திருப்பத்தூர் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், போக இரண்டு மணிக்கு மேல், வர இரண்டு மணிக்கு மேல் என்று பேருந்தில் போய்வந்தேன். அங்கேயே இந்தப் பக்கத்து ஆள்கள் மூவர் இருந்தார்கள். நாங்கள் நால்வரும் சேர்ந்து இங்கே ஒரு கூட்டத்தைத் தொடங்கினோம். இப்போது வழக்கமாக வருபவர்கள் பன்னிரண்டு பேர், வந்து வந்து மறைபவர்கள் இன்னொரு பன்னிரண்டு பேர்.

இந்தக் கூட்டங்களின் தோற்றத்தை உங்களுக்குச் சொல்ல ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன், வணிகம் ஒன்று கைகூடாமல் போன துயரத்தில் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்து விடுதி ஒன்றின் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி வந்தது, மறுபக்கம் தொலைபேசி இருந்தது. இன்னொரு குடிநோயாளியோடு பேசினாலொழியத் தம்மால் அன்றிரவைக் கடக்க முடியாது என்று உணர்ந்து, அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். அந்த அழைப்புகளின் முடிவில் அவருக்குக் கிடைத்தவர் ஹென்றியட்டா சைபர்லிங் என்ற அம்மையார். குட்இயர் டயர் நிறுவனத்தை நிறுவிய குடும்பத்தின் மருமகள் அவர். அக்குடும்பத்தின் மிகப் பெரிய மாளிகையின் வாயிற்காவல் வீட்டில் குடியிருந்தார். அவர் தம் வீட்டைத் திறந்துவிட்டு, தமக்குத் தெரிந்த குடிநோயாளியான அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தையும் அங்கே வரவழைத்தார். கால்மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லி வந்த மருத்துவர், இரவு பதினொரு மணி தாண்டித்தான் எழுந்தார். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளைத்தான் அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். ஆக, ஒரு செல்வக் குடும்பத்துப் பெரிய வீட்டின் வாசலறையில்தான் அந்த முதற்பேச்சு நடந்தது. பெரிய வீடுகளின் வாசலறைகளைத் துடைத்துப் பூட்டிவைப்பவன் என்பதால் இந்தச் செய்தி என்னைப் பாதித்த அளவு மற்றவர்களைப் பாதிக்காமல் இருக்கலாம்.

கூட்டத்தில் என்ன நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறிது நேர மௌனம், ஒரு பிரார்த்தனை, ஒரு பக்கம் வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராகப் பேசுதல். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. பேசி முடித்த பின்னும் அறிவுரை சொல்வதில்லை. நம் ஊரில் அறிவுரை சொல்லாமல் ஒருவர் பேச்சை முழுவதும் கேட்கும் இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு டப்பாவைச் சுற்றிவிடுவோம். முடிந்தவர் முடிந்ததைப் போடுவார். வாடகையும் தேயிலையும் பிஸ்கட்டும் அதிலிருந்துதான். வருகைப் பதிவு இல்லை, சந்தா இல்லை, தலைவர் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி.

இதில் ஏதேனும் மதம் பரப்பும் நோக்கம் உண்டா என்று ஓரிடத்தில் சுற்றிவளைத்துக் கேட்டார்கள். பல ஊர்களில் இந்தக் கூட்டங்கள் தேவாலய வளாகங்களில் நடப்பதால் இந்த ஐயம் எழுவது இயல்பே. அங்கே நடப்பதற்குக் காரணம் அவர்கள் அறை கொடுத்தார்கள் என்பது மட்டும்தான். இந்த அமைப்பின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் "அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்றே இருக்கிறது. எங்கள் பன்னிரண்டு பேரில் கொப்புடையம்மனைக் கும்பிடுபவர் இருக்கிறார், தொழுகை தவறாதவர் இருக்கிறார், ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு நேரே கூட்டத்துக்கு வருபவர் இருக்கிறார். எதையும் கும்பிடாத கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரும் இருக்கிறார், அவர்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலி போடுபவர்.

குடித்துவிட்டு வந்து கலவரம் செய்வார்களோ என்ற அச்சத்தையும் நான் மதிக்கிறேன். அரிதாக ஒருவர் குடித்த நிலையில் வருவதுண்டு. அவரைப் பேசச் சொல்லாமல் ஓரமாக உட்காரவைத்துத் தேநீர் கொடுப்போம், முடிந்ததும் இருவர் வீடுவரை கொண்டுபோய் விடுவோம். உங்கள் மண்டபங்களில் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு வாகனம் நிறுத்தும் இடத்தில் நடப்பதை அறிந்தவன் என்ற முறையில், எங்கள் கூட்டம் அதைவிட அமைதியாக இருக்கும் என்று உறுதி கூறுகிறேன்.

மதுக்கடைகளை எதிர்த்துக் கூட்டம் போட்டு உங்களுக்கு அரசியல் தொல்லையை வருவித்துவிடுவோமோ என்பது இன்னோர் ஐயமாக இருக்கலாம். வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை என்பதும் எங்கள் மரபுகளில் ஒன்று. கடை இருக்க வேண்டுமா கூடாதா என்பதில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கருத்து இருக்கலாம். அது அறைக்கு வெளியே, செருப்போடு கிடக்கும்.

இங்கே எண்கள் இரண்டைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கூட்டங்களால் உண்மையில் பயன் உண்டா என்பதை 2020இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் கணக்கில் கொண்டு ஆராய்ந்தது. முற்றாகக் குடிக்காமல் தொடர்வதைப் பொறுத்தவரை, இக்கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற நிறுவப்பட்ட சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்ததாக அது கண்டது. பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வுகள் அவை. என் பன்னிரண்டு பேரை வைத்து நான் எந்த முடிவும் சொல்ல மாட்டேன். இரண்டு பேரை இழந்தும் இருக்கிறோம்.

இழப்பைப் பற்றிச் சொல்லும்போது, இடம் மாறாமல் இருப்பது ஏன் எங்களுக்கு இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் மாடியில் கூடினோம். பெற்றோர் சிலர் கேள்வி கேட்கவே காலி செய்தோம். அடுத்து ஒரு மண்டபத்தின் சிறு அறையில் எட்டு மாதம் கூடினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வளைகாப்பு ஏற்பாடாகியிருந்ததால் அறையைப் பூட்டிவிட்டார்கள், முன்னதாகத் தகவலும் சொல்லவில்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டு வேறிடத்தில் கூடிவிட்டோம். அன்று தேவகோட்டையிலிருந்து புதியவர் ஒருவர், ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு முதன்முறையாக வந்திருக்கிறார். வாசலில் வாழைமரமும் வளையல் தட்டுமாக இருப்பதைக் கண்டு, காவலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்க, அவர் எல்லோர் காதிலும் விழும்படி, "குடிகாரங்க கூட்டமா? அது இன்னைக்கு இல்லையே" என்று சொல்லியிருக்கிறார். மறுமுறை அவர் எங்களிடம் வந்து சேர ஏழு மாதமாயிற்று. அந்த ஏழு மாதத்தில் அவருடைய கடை போயிற்று, வலது கை விரல்கள் இரண்டு போயின. இதற்காக அந்தக் காவலாளியை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் குடிகாரர்கள்தான், அன்று கூட்டம் இல்லைதான். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே கதவு என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது எங்கள் வசதிக்காக அன்று, துண்டுச் சீட்டோடு வரப்போகிற அந்த ஒருவருக்காகத்தான் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிப்பவரின் மனைவி, தாய், பிள்ளைகள் ஆகியோருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸும் தோழி ஒருவரும் 1951இல் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். இங்கே அதைத் தொடங்க ஐந்து பெண்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள், என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. கணவன் குடிப்பதை வெளியே சொன்னால் வீட்டு மானம் போகும் என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அறுபது வயதைக் கடந்த ஓர் ஆச்சி என் மனைவியிடம், "எம் மகன் குடிக்கிறான்னு நாப்பது வருசத்துல இப்பத்தான் வாய்விட்டுச் சொல்றேன். மொதல்ல அவுக அப்பச்சியைச் சொல்லாம விட்டேன், இப்ப இவனையும் சொல்லாம விட்டுட்டுப் போயிடுவேன்னு பயமா இருந்துச்சு" என்று சொன்னாராம். அதே நேரத்தில் பக்கத்திலேயே இன்னொரு சிறிய அறை கிடைத்தால் "கோயிலுக்குப் போய்வருகிறேன்" என்று பொய் சொல்லாமல், கணவனோடோ மகனோடோ சேர்ந்தே அவர்கள் வந்துபோக முடியும். குடிக்கும் பெண்களும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இதுவரை எங்கள் வாசலை எட்டவில்லை.

கொடைக்குக் குறைவில்லாத சீமை இது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த ஊரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை கிடைக்காமல் நாங்கள் அலைவது கொடையுள்ளம் இல்லாததால் அன்று. கொடுத்ததைச் சொல்லிக்கொள்ள வழியில்லாத கொடையாக இது இருப்பதால்தான் என்று எனக்குப் படுகிறது. ஓர் அறங்காவலர் மிகுந்த அன்போடு, வாடகையே வேண்டாம், நாற்காலி, மின்விசிறி எல்லாம் வாங்கித் தருகிறோம், வாசலில் உபயம் என்று ஒரு கல் மட்டும் பதித்துக்கொள்கிறோம் என்றார். வெளியாரிடமிருந்து நன்கொடை பெறக் கூடாது என்பதும், எங்கள் பெயரை வேறெந்த நிறுவனத்தோடும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதும் எங்கள் மரபுகள் என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. அவரைப் புண்படுத்தியதற்காக இன்றும் வருந்துகிறேன். வாடகையை வாங்கிக்கொண்டு மௌனமாக இருந்துவிடுவதுதான் எங்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய உபயம்.

எங்கள் தரப்பில் நாங்கள் தரக்கூடியவை: உங்கள் விதிப்படி முன்பணமும் மாத வாடகையும் தருவோம். பொறுப்பாளராக ஒருவர் தம் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் அனைத்தையும் கொடுத்துக் கையெழுத்திடுவார். அறையில் ஏதேனும் சேதமானால் அவரே பொறுப்பு. மற்றவர்களைப் பதிவேட்டில் எழுதச் சொல்லக் கூடாது. அறைக்குள் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் அது மூடப்பட வேண்டும். தெருவைப் பார்க்கும் கேமராவைப் பற்றி எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. முகூர்த்த நாளில் மண்டபம் வேண்டும் என்றால், பின்கட்டில் ஒரு மூலை போதும், வாசல் மட்டும் மாறக் கூடாது. உண்மையில் நம் பழைய கட்டடங்கள் எங்களுக்கென்றே கட்டியவைபோல் அமைந்திருக்கின்றன. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் கட்டடங்கள் வேறெங்கே இவ்வளவு இருக்கின்றன? பின்வாசல் சாவி ஒன்று கொடுத்தீர்களானால், முன்வாசலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப்போகிற நிலை ஒருவருக்கும் வராது. சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

அறை தர இயலாதவர்கள், அறிவிப்புப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாளை ஒட்ட அனுமதித்தாலும் நன்று. கிழமையும் நேரமும் இடமும் மட்டுமே அதில் இருக்கும். அதன் அடியில், உடனடி உதவி வேண்டுவோருக்காக 14446 என்ற போதைமீட்பு இலவசத் தொலைபேசி எண்ணையும் 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும் எழுதியிருப்போம்.

கடந்த ஐந்து வாரமாக ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஓர் ஊருணியின் படித்துறையில் கூடுகிறோம். தண்ணீர் வற்றியிருப்பதால் கீழ்ப்படிகளில் உட்கார்ந்தால் தெருவிலிருந்து பார்வைக்குத் தெரியாது. தேநீரை ஒருவர் வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுவருகிறார். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் முதலில் முழுகுவது அந்தக் கீழ்ப்படிகள்தான். தேவகோட்டைக்காரருக்கு நாங்கள் எழுதிக்கொடுத்திருக்கும் சீட்டில், இடம் என்று இருக்கும் வரியைப் பென்சிலால் எழுதியிருக்கிறோம்.

இப்படிக்கு,
பெயர் சொல்லாத குடிநோயாளி ஒருவன்,
காரைக்குடி